முரண்பாடு அல்ல, விலகல்

“நடுப் பசிபிக்கில் கடற்பரப்பு வெப்பநிலை முரண்பாடு 0.5 டிகிரியைத் தாண்டினால் எல் நினோ.” போன வாரம் ஒரு காணொளியில் இதை மறுபடி கேட்டேன். உலகத் தட்பவெப்ப நிலை பற்றிய மாதாந்தர அறிக்கைகளைத் தமிழில் தருபவர்கள் பலரும் ‘அனாமலி’ என்ற சொல் வந்ததும் ‘முரண்பாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். கூட உட்கார்ந்திருந்த அண்ணன் மகள், “எதுக்கும் எதுக்கும் முரண்பாடு சித்தப்பா?” என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை, சரியாகத்தான் கேட்டாள். முரண்பாட்டுக்கு இரண்டு தரப்பு வேண்டும்; ஒன்று மற்றதை மறுக்க வேண்டும். கடல் அரை டிகிரி சூடானதில் எது எதை மறுக்கிறது?

‘அனாமலி’ என்ற சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘ஹோமலோஸ்’ என்றால் சமமானது, மேடுபள்ளம் இல்லாதது. முன்னால் மறுப்பு சேர்ந்தால் சமமற்றது. சட்டம், நெறி என்று பொருள்படும் ‘நோமோஸ்’ என்பதிலிருந்து வந்ததாக நினைப்பவர்களும் உண்டு; அது தவறு. ‘ஒழுங்கின்மை’, ‘நெறிபிறழ்வு’ என்ற தமிழாக்கங்கள் அந்தத் தவறான வேருக்குத்தான் பொருந்தும்.

தட்பவெப்பவியலில் இது வெறும் கழித்தல் கணக்கு. ஓர் இடத்தில் ஒரு மாதம் பதிவான அளவிலிருந்து, அதே இடத்தின் அதே மாதத்துக்கான நீண்டகாலச் சராசரியைக் கழித்தால் வருவது. அப்படிக் கழிக்கக் காரணம் இருக்கிறது. ஈக்வடாரில் குயாகில் கடலோர நகரம். கீட்டோ சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டின் வெப்பநிலையையும் நேராக ஒப்பிட்டால் மலையின் உயரம்தான் தெரியும். ஒவ்வொன்றையும் அதனதன் வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த மாதம் என்ன மாறியது என்று தெரியும். பருவமும் அப்படித்தான். நடுப் பசிபிக்கில் எல் நினோவுக்காகக் கண்காணிக்கும் ‘நினோ 3.4’ பகுதி ஏப்ரல், மே வாக்கில் ஆண்டுதோறும் சூடாகும். அது வழக்கமான சூடு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் எல் நினோவா (வழக்கத்தைவிடச் சூடு), லா நினாவா (வழக்கத்தைவிடக் குளிர்ச்சி) என்று பார்க்கிறார்கள்.

ஆக, எந்த மாதத்துக்கும் எந்த ஊருக்கும் இப்படி ஒரு எண் உண்டு. 0.1 வந்தாலும் அது அனாமலிதான். சரியாகப் பூஜ்யம் வருவதுதான் அரிது. எப்போதும் இருக்கிற ஒன்றை ‘அசாதாரணம்’ என்று எப்படிச் சொல்வது? ‘பிறழ்வு’ என்றால் ஏதோ குற்றம் நடந்த மாதிரி இருக்கிறது.

‘விலகல்’ என்பதே சரி. இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணம் இலக்கணம். முரண்பாடு ‘எதோடு’ என்று கேட்கும். விலகல் ‘எதிலிருந்து’ என்று கேட்கும். அந்த ‘எதிலிருந்து’ இல்லாமல் இந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் தட்பவெப்பக் கண்காணிப்புச் சேவையான கோப்பர்நிக்கஸின் கணக்கில் அது 1850–1900 சராசரியைவிட 1.60 டிகிரி அதிகம். அதே கணக்கில் 1991–2020 சராசரியைவிட 0.72 மட்டுமே அதிகம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 20ஆம் நூற்றாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு 1.29 என்றது. மூன்றும் சரிதான், தொடங்கும் இடம்தான் வேறு. ‘முரண்பாடு 0.72’ என்று படிக்கிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது கூட்டல், கழித்தல் குறி. சர்வதேசத் தேதிக்கோட்டுக்கு அருகில் பூமியிலிருந்து விண்வெளிக்கு வெளியேறும் நீண்ட அலைக் கதிர்வீச்சு (வெப்பக் கதிர்வீச்சு) வழக்கத்தைவிடக் குறைந்தால், அங்கே மேகம் திரண்டிருக்கிறது என்று பொருள். எல் நினோவைக் கண்காணிப்பவர்கள் இதை மாதந்தோறும் பார்க்கிறார்கள். இதை ‘எதிர்மறை முரண்பாடு’ என்று மொழிபெயர்த்ததையும் படித்திருக்கிறேன். முரண்பாடு தீர்ந்துவிட்டது என்றுதானே வாசகர் எடுத்துக்கொள்வார்? ‘குறை விலகல்’, ‘மிகை விலகல்’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

புள்ளியியலில் ‘திட்ட விலக்கம்’ இருக்கிறதே, இரண்டும் மோதாதா என்று கேட்கலாம். விலக்கு வேறு, விலகு வேறு. ஒன்று பிறவினை, மற்றது தன்வினை. கடலை யாரும் விலக்கவில்லை, அது தானே விலகியது. அதனால் ‘விலகல்’ என்ற வடிவத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம். ‘சராசரி விலகல்’ என்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ‘சராசரி விலக்கம்’ புள்ளியியலில் வேறு ஓர் அளவு, காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

நல்ல சொல் நம் மழைச் செய்திகளிலேயே இருக்கிறது. “இயல்பைவிட அதிகம்” என்று வடகிழக்குப் பருவமழை பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைத்தான் இயல்பு என்கிறது. இப்போது அது 1991–2020. அதை வைத்துக் கணக்கிட்டால் ‘இயல்பு விலகல்’ என்று எழுதலாம். நாசாவைப் போல 1951–1980ஐ அடிப்படையாக வைத்தால் ‘1951–1980 சராசரியிலிருந்து விலகல்’ என்று முழுதாகவே எழுத வேண்டும். நீளம்தான், ஆனால் அண்ணன் மகள் இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்காது.