623526-ஐ இரண்டு சதுரமாக அடுக்க முடியுமா?

ராமேஸ்வரத்துக்குக் கடிதம் போட்டால் கடைசி வரியில் 623526 என்று எழுதுவோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு முறையில் 623 என்பது ராமநாதபுரம் வட்டாரம், கடைசி மூன்று இலக்கம் தபால் நிலையம், அஞ்சல் துறைக்கு அதோடு வேலை முடிந்தது. அதை வெறும் முழு எண்ணாகப் பாருங்கள், உள்ளே நிறைய இருக்கிறது.

பகாக்காரணிகளாகப் பிரித்தால் 2 × 3 × 17 × 6113. இந்த 6113-ம் பகா எண்தான். 73 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும், ஏனென்றால் அடுத்த பகா எண் 79, அதன் வர்க்கம் 6241 என்று தாண்டிப் போய்விடுகிறது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரை மணலில் 623526 நெத்திலியைக் காயப்போட வேண்டும், ஆனால் குறுக்கே எத்தனையோ நீளவாக்கிலும் அத்தனையே இருக்கிற மாதிரி இரண்டே சதுரங்களாக அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடியவே முடியாது. தேடிப் பார்த்துச் சலித்துச் சொல்வதில்லை, நிரூபிக்கலாம். எந்த எண்ணின் வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 தான் வரும், 2 வராது. ஆக இரண்டு வர்க்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபட வேண்டுமென்றால் இரண்டும் தனித்தனியே 3-ஆல் வகுபட்டாக வேண்டும், அப்படி வகுபடும் வர்க்கம் 9-ஆலும் வகுபடும், அப்போது கூட்டலும் 9-ஆல் வகுபடும். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 24. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது.

தடுப்பது அந்த ஒற்றை 3 மட்டும்தான். மற்ற மூன்றும் இணக்கமானவை: 2 = 1² + 1², 17 = 4² + 1², 6113 = 73² + 28². இப்படிப்பட்ட எண்களைப் பெருக்கினாலும் அதே குணம் தங்கும், 7-ஆம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் இதற்கு வழி சொல்லிவிட்டார். அதன்படி பெருக்கினால் 207842 = 449² + 79². இதை மூன்றால் பெருக்கியதுமே எல்லாம் கலைந்துவிடுகிறது!

மூன்று சதுரம் என்றால் அடுக்கலாம்: 782² + 109² + 11². 8-ஆல் வகுத்து மீதி 7 வரும் எண்களும், அவற்றை 4, 16, 64 என்று 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவையும் மட்டும்தான் மூன்றுக்கு அடங்காதவை. நம் எண்ணுக்கு மீதி 6.

அப்புறம் கீழக்கரை, 623517. ராமேஸ்வரத்தைவிடச் சரியாக 9 குறைவு, ஆகவே அதுவும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அங்கேயும் இரண்டு சதுரம் நடக்காது. 8-ஆல் வகுத்தால் மீதி 5, எனவே மூன்று சதுரம் நிச்சயம் உண்டு. எந்த மூன்று என்று தேடிப் பாருங்கள், 3-இன் மடங்குகளை விட்டுவிட்டே தேடலாம்.