தொற்றுநீக்கம்

கூட்டம் நிறைந்த மல்லாவி பஸ்ஸின் படியில் கம்பியைப் பிடித்தபடி போகிறவரைத் ‘தொற்றிக்கொண்டு போகிறார்’ என்கிறோம். அக்காவுக்கு வந்த அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) தம்பிக்கும் வந்தால், அதற்கும் அதே வினைதான். பேச்சில் ‘தொத்து வருத்தம்’ என்று ஆகிவிடும். ஏறிப் பற்றிக்கொள்வதே தொற்று.

‘இன்ஃபெக்‌ஷன்’ என்பதன் இலத்தீன் வேர் சாயத்தில் தோய்ப்பதைக் குறித்தது. அவர்கள் கண்ணுக்குக் கறை தெரிந்திருக்கிறது. நம்மவருக்கு, ஆள் மாறி ஆள் ஏறும் பயணி. ஸ்கான் அறைக்கு நம்முடைய படிமமே பொருந்துகிறது என்பேன்.

கர்ப்பிணியின் வயிற்றில் ஜெல் பூசி உருட்டும் ‘புரோப்’ அடுத்தவருக்கும் வைக்கப்படுவது. ஜெல்லைத் துடைத்தெடுப்பது துப்புரவு மட்டுமே. அதன் பிறகு உரிய மருந்தால் துடைத்து, அது வேலை செய்யும் நேரம்வரை ஈரமாக விடுவதுதான் தொற்றுநீக்கம். ஜெல் படிந்திருந்தால் மருந்து மேற்பரப்பைச் சென்றடையாது. ஆகவே இந்த வரிசையை மாற்ற முடியாது. உடலுக்குள் செலுத்தும் புரோப்புக்கு உறை போட்டாலும் உயர்நிலைத் தொற்றுநீக்கம் (எளிதில் சாகாத பாக்டீரிய வித்துகள் சில தவிர மற்றக் கிருமிகளை எல்லாம் ஒழிப்பது) வேண்டும், உறை கிழியக்கூடும் என்பதால். பாக்டீரிய வித்துகளும் மிஞ்சாதபடி ஒழிப்பது ‘கிருமியழிப்பு’. ‘ஸ்டெரிலைசேஷன்’ என்பதற்கு அதுவே தமிழ். அதை ‘மலடாக்கல்’ என்று நேரே பெயர்த்தால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச்சிகிச்சைதான் நினைவுக்கு வரும்.

மருந்தின் பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘கிருமிநாசினி’ என்று எழுதுகிறார்கள். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் வயல்காரருக்கு முதுகில் தொங்கும் தெளிகருவியும் நெற்பயிரும்தான் தோன்றும். பூச்சிமருந்துக்கு இங்கே அதுதான் பெயர். வைத்தியசாலைப் போத்தலில் அதே சொல்லை ஒட்டினால் குழப்பம். இலங்கையில் வழங்கும் ‘தொற்றுநீக்கி’ இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

ஒரு சொல் மட்டும் எனக்கு உறுத்துகிறது: ‘தொற்றுக் கட்டுப்பாடு’. விலைக் கட்டுப்பாடு போல, கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்று அது ஒலிக்கிறது. ‘தொற்றுத் தடுப்பு’ என்றே எழுதலாம். பாதி தீர்ந்த ஜெல் போத்தலில் புது ஜெல்லை ஊற்றி நிரப்பாதே என்பதும் தடுப்புதான். பழைய ஜெல்லில் வளர்ந்த கிருமி புதியதிலும் தொற்றிக்கொள்ளும்.