கொலனி: ஒரு சொல்லும் அதன் காணியும்

கிளிநொச்சிப் பக்கம் வயதானவர்களிடம் "எவ்விடம் இருக்கிறியள்?" என்று கேட்டால் "கொலனிக்குள்ள" என்பார்கள். அதே கேள்விக்குப் பேரப்பிள்ளை 'நகர்' என்றோ 'புரம்' என்றோ முடியும் ஒரு பெயரைச் சொல்லும். இரண்டு பேரும் ஒரே வளவுக்குள் இருப்பவர்களாகக்கூட இருக்கலாம்.

கொலனிக்கு மூலம் இலத்தீன். உழுவது, குடியிருப்பது என்ற இரண்டு பொருளும் உள்ள 'கொலெரே' என்ற வினையிலிருந்து 'கொலோனுஸ்', அதாவது உழவன் வந்தான். அவன் இருந்த இடம் 'கொலோனியா'. உரோமர்கள் பிடித்த நாடுகளில் பழைய படைவீரர்களுக்குக் காணி கொடுத்து இருத்திய ஊர்களுக்கும் அதுதான் பெயர். நம்மவர் பலர் போய்ச் சேர்ந்த ஜேர்மனியின் கொலோன் நகரம் இப்போதும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

தமிழில் 'குடி' என்றால் வீடு, குடும்பம், ஊரார். 'குடியானவன்' என்றால் பயிர் செய்கிறவன். இருப்பும் உழவும் கொலோனுஸில் சேர்ந்திருப்பதுபோலவே இங்கும் சேர்ந்திருக்கின்றன. 'குடியேற்றத் திட்டம்' என்று மொழிபெயர்த்தவர் யாரோ, நன்றாகத்தான் செய்திருக்கிறார்.

கிளிநொச்சியும் சேர்ந்த வன்னிக்கு இந்தச் சொல் தண்ணீரோடு வந்தது. 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920 அளவில் ஒரு கட்டத்துக்கு வந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 இல் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாத குடும்பங்கள் கிளிநொச்சியில் குடியேற்றப்பட்டன. இலங்கையின் தொடக்க காலத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுப்பது வழக்கம். பின்னால் வந்த திட்டங்களில் அளவு சுருங்கியது. அப்புறம் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டங்கள் வந்தன. இறக்குமதி கட்டுப்பட்ட 1970களில் அங்கே மிளகாய் போட்டவர்கள் காசு பார்த்தார்கள்.

அந்தக் காணிகளில் பல இன்று ரவுணடிக் காணிகள், அதாவது நகரத்தை ஒட்டிய காணிகள். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. போருக்குப் பிறகு ஏ9 வீதி அகன்றது, 2013 இல் ரயில் திரும்பி வந்தது. பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் போய்ப் பாருங்கள். முன்பக்கம் ஒரு ஹாட்வெயார் கடை. வாசலுக்குப் போக வாய்க்காலின் மேல் கொங்கிறீற் பலகை போட்டிருப்பார்கள். பின்னால் 550 சதுர அடி இந்திய வீட்டுத்திட்ட வீடு, ஐந்தரை இலட்சம் ரூபா உதவியோடு கட்டி, பிறகு சொந்தக் காசில் ஒரு விறாந்தை இழுத்தது. அதற்கும் பின்னால் தலையில்லாமல் நிற்கும் இரண்டு தென்னை. மூலையில் நிலஅளவையாளர் நட்ட எல்லைக்கல். அதன் மேலேயே புது மதில் ஏறியிருக்கும்.

ஊர் மாறியதை அளவுச் சொற்களிலும் பார்க்கலாம். கொலனிக்காரர் கணக்கு ஏக்கரில். வீட்டுக்காணி வாங்க வருகிறவர் கேட்பது பரப்பில். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. யாழ்ப்பாணத்துக் கணக்கு வன்னிக்குள் நுழைந்துவிட்டால், அங்கே நெல் இனி விளையாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டம் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. பேமிற் காணியை, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை, நினைத்தபடி துண்டாடவோ விற்கவோ முடியாது, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிய வேண்டும். அதனால் நாலு பிள்ளைகள் நாலு வீடு கட்டி, நடுவில் தகரம் அடித்து, இருப்பது மட்டும் ஒரே அனுமதிப்பத்திரத்தில் என்ற நிலை பல இடங்களில் உண்டு. பார்வைக்குப் புறநகர், கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்தின் கோப்பில் இன்னும் கொலனி.

தமிழ்நாட்டில் இதே சொல் வேறு திசையில் போனது. 'காலனி' அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைச் சுட்டி, வசைச்சொல்லாகவே ஆனது. அரச ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். 'சேரி'க்கும் முன்பு இதுதான் நடந்தது. சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று ஒரு பகுதியே உண்டு. அங்கே புறஞ்சேரி என்பது மதுரைக்கு வெளியே இருந்த குடியிருப்பு. புறநகருக்கு நல்ல பழைய சொல், இன்றைக்கு யாரும் தன் ஊருக்கு வைக்கத் துணியமாட்டார்கள்.

சரி, தமிழில் எதை எழுதுவது? அரசு காணி பிரித்துக் கொடுத்த ஏற்பாட்டைச் சொல்வதென்றால் குடியேற்றத் திட்டம். பிறநாட்டை ஆண்ட கதையென்றால் குடியேற்றவாதம், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் வன்னியில் 'குடியேற்றம்' என்று மொட்டையாக எழுதினால் வாசிப்பவர் மனம் சிங்களக் குடியேற்றத்தால் 1980களில் வெலிஓயாவாக மாறிய மணலாற்றுக்குப் போய்விடும், ஆகையால் எந்தத் திட்டம் என்று சேர்த்தே எழுத வேண்டும். போரின் பின் ஊர் திரும்பியவர்களுக்கு மீள்குடியேற்றம் என்ற தனிச்சொல் இருக்கிறது.

மூன்று தலைமுறை இருந்துவிட்ட இடத்தை இன்னும் குடியேற்றம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறியவர்கள் எப்போதோ இருந்துவிட்டார்கள். அதற்குக் 'குடியிருப்பு' போதும். முல்லைத்தீவில் புதுக்குடியிருப்பும், வவுனியா நகரை ஒட்டிக் குடியிருப்பு என்றே ஓர் இடமும் இருக்க, புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பேச்சில் கொலனி என்று வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கடிதத்தில் மட்டும், அங்கே இருப்பவர்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்களோ அந்தப் பெயரை எழுதுங்கள். தபாற்காரருக்கும் அதுதான் வசதி.