கிழக்கு பார்த்த நாய்க்கூண்டு

போன ஐப்பசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்கு நாய் பார்க்கப் போனேன். ராஜபாளையம் கலப்பு, ஆறு வயது. மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, எழுந்தால் நொண்டுகிறது, உட்கார்ந்தால் நடுங்குகிறது. வீட்டுக்காரர் நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர். தகரக் கூரை, நாலு பக்கமும் பலகை, உள்ளே இரண்டு சாக்கு, நாய்க்கு ஒரு பழைய ஸ்வெட்டர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சாக்கைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்திருக்கும். ஸ்வெட்டரும் அப்படித்தான்.

"வாசலை ஏன்ணே கிழக்கால வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆனி மாசம் கட்டினது டாக்டரம்மா. அப்போ சாரல் மேக்கால இருந்துல்ல அடிச்சுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனி, ஆடியில் மழை மேற்கிலிருந்து வருகிறது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு நம் சரிவுக்குச் சாரலை அனுப்பி வைக்கும். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு நிஜமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் எதிர்த்திசையிலிருந்து. ஆனியில் கட்டிய கூண்டு ஐப்பசியில் மழைக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நானும் அவருமாகக் கூண்டைத் திருப்பி வைத்தோம், அடியில் நாலு செங்கல் கொடுத்துத் தூக்கினோம், ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டோம். நாய்க்கு விரலிடுக்கெல்லாம் புண், அதுதான் நொண்டல். மருந்து ஒரு பங்கு என்றால் அந்தச் செங்கல் மூன்று பங்கு வேலை செய்தது.

இலையுதிர்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்த பருவம் நம் மலையில் கிடையாது. பேரி, பிளம்ஸ் மரங்கள் மொட்டையாகும், அவ்வளவுதான். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழைய தமிழ்க் கணக்கில் கூதிர் என்பார்கள். கூதல் அடிக்கிறது என்று இன்றும் சொல்கிறோமே, அதன் உறவு. இந்த இரண்டு மாதமும் என்னிடம் வரும் நாய் பூனைகளில் குளிர் தாங்காமல் வந்தவை குறைவு. ஈரத்தால் வந்தவை நிறைய. குளிருக்கென்று வீட்டில் பாசமாகச் செய்த வைத்தியத்தால் வந்தவையும் நிறைய. இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பாசத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

முதலில் ஈரத்தை முடித்துவிடுகிறேன். ரோமத்துக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் நாய்க்குக் கம்பளி. நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். அதன்மேல் ஸ்வெட்டர் போட்டால் ஈரத்துணியைச் சுற்றிவிட்ட மாதிரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை ரோமக்காரர்களுக்கும் கிழடுகளுக்கும் ஸ்வெட்டர் நல்லதுதான், ஆனால் காய்ந்த உடம்பில், காய்ந்த ஸ்வெட்டர். வெளியே போய் வந்ததும் முதுகை மட்டும் துடைத்து விடாதீர்கள். அடிவயிறு, தொடையிடுக்கு, விரலிடுக்கு, காது மடலின் உள்பக்கம், இங்கேதான் ஈரம் தங்கும். லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி காது தொங்கும் சாதிகளுக்கு இந்த மாதங்களில் காதில் நாற்றம் வந்தால் உடனே காட்டுங்கள். ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால் மழை முடியும்வரை விட்டுவிடலாம். சாக்கை இரண்டு ஜோடியாக வைத்துக்கொண்டு, ஒன்று கூண்டில், ஒன்று அடுப்பங்கரையில் காயட்டும்.

அப்புறம், தைலம். நீலகிரியில் யூகலிப்டஸ் எண்ணெய் இல்லாத வீடு இல்லை. தலைவலிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். நாய் இருமினால் மார்பில் தேய்க்கிறார்கள், பூனைக்கு மூக்கு ஒழுகினால் மூக்கோரம் தடவுகிறார்கள், உண்ணி போகும் என்று உடம்பெல்லாம் பூசுகிறார்கள். நம் மேல் பூசினால் நாம் நக்குவதில்லை. பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கும், பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். வாயில் எச்சில் வடியும், வாந்தி, தள்ளாட்டம், அதிகமானால் வலிப்பு வரைக்கும் போகும். மூட்டு வலிக்கென்று ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய் இன்னும் மோசம். அது ஆஸ்பிரின் குடும்பத்துச் சரக்கு. அதை உடம்பிலிருந்து வெளியேற்றப் பூனையின் ஈரலுக்கு நாள்கணக்கில் ஆகும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. தடவிவிட்டீர்கள் என்றால் பதறாமல் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரால் கழுவி, நன்றாகத் துவட்டி, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த எண்ணெய் என்று தெரிந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

பாராசிட்டமாலும் அதே கதை. காது சுடுகிறது, மூக்கு காய்ந்திருக்கிறது, காய்ச்சல் என்று முடிவு செய்து வீட்டு மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நாய், பூனைக்கு சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலான அளவு அதற்கு ஆரோக்கியம். மூக்கு காய்ந்திருப்பதற்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை, அடுப்புப் பக்கம் தூங்கி எழுந்தாலும் காயும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். நாய்க்கும் உங்கள் கணக்கில் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டேன். திட்டுவதற்கு நேரமும் இருக்காது.

கணப்புச் சட்டி. கரண்ட் போன ராத்திரியில் கரியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டு வந்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பது. மனிதர்களே இதில் போவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம், இருந்தாலும் நிற்கவில்லை. கரிப்புகைக்கு நிறம் இல்லாவிட்டாலும் அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தன் வேலையைச் செய்யும். உடம்பு சிறிதாக இருப்பவற்றை அது முதலில் பிடிக்கும். குன்னூர் பக்கம் ஒரு வீட்டில் பூனை தள்ளாடித் தள்ளாடிக் கதவைப் பிறாண்டியிருக்கிறது. தொந்தரவு செய்கிறதே என்று எழுந்து கதவைத் திறந்தார்கள், அந்தக் குடும்பமே பிழைத்தது. பூனையை மறுநாள் என்னிடம் கொண்டு வந்தபோது அந்தப் பாட்டி, "இதுக்கு எவ்வளவு ஆனாலும் பாருங்க சாமி" என்றார். செலவு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை, நல்ல காற்றுதான் அதற்கு மருந்து. வெந்நீர்ப் பை இருந்தால் துணி சுற்றி வையுங்கள், அது போதும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. குளிரில் பூனைகள் தண்ணீர் குடிப்பது குறையும், வெளியே போய் ஒன்றுக்கு இருக்கவும் சோம்பல்படும். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மெல்லியது, அடைத்துக்கொள்ளும். மண்ணில் குந்திக் குந்தி எழும், சத்தம் போடும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொண்டு வருகிறார்கள். இரண்டு நாள் தாங்காது, உப்பு ஏறி இதயமே நின்றுவிடும். அன்றைக்கே, ராத்திரியானாலும், கூப்பிடுங்கள். தடுப்பதற்கு வழி சுலபம். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், சோற்றையும் மீனையும் கொஞ்சம் தண்ணியாகப் பிசைந்து கொடுங்கள். ஊட்டி, காந்தல், தலைகுந்தா பக்கம் நீர்ப்பனி முடிந்து உறைபனி விழ ஆரம்பித்தால் வெளியே வைத்த கிண்ணத்தில் காலையில் கண்ணாடிதான் இருக்கும். வயதான நாய்களைக் காலை நடைக்கு வெயில் ஏறிய பிறகு கூட்டிப்போனால் போதும். மூட்டு சூடாகச் சற்று நேரமாகும், நமக்கும் அப்படித்தானே.

சங்கிலி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. காவலுக்கு என்று இரவு வாசலில் கட்டிப்போடுவதை சிறுத்தைக்குத் தட்டு வைப்பதாகவே நினைக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கும் வீட்டு வாசலுக்கு வந்து நாயைத் தூக்கிப்போகும் கேமரா காட்சிகளை நம் போனிலேயே பார்க்கிறோம். அவிழ்த்துவிட்ட நாய்க்காவது ஓட ஒரு வாய்ப்பு உண்டு. பனிமூட்டம் இறங்கினால் காட்டெருமை பத்தடியில் நின்றாலும் தெரியாது, நாய் குரைத்துக்கொண்டு போய் குத்து வாங்கி வரும். பொழுது சாய்ந்தால் உள்ளே. சமையலறை மூலை போதும், மெத்தை கேட்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 2009 நவம்பர் மழையை இந்த மலையில் யாரும் மறந்திருக்க முடியாது, கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, மண்சரிவில் வீடுகளே போயின. அப்படி ஒரு ராத்திரி ஓட வேண்டி வந்தால் நாயை எடுத்துப்போக முடியாமல் போகலாம். சங்கிலியையாவது அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

தீபாவளிக்கு ஒரே வரி. வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே வந்து மருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு போன் செய்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிவிடுங்கள், பயந்து தேயிலைக்குள் ஓடிய நாயைத் தேடுவது லேசில்லை.

விஷங்களில் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக்காரர்கள் பிரியமாக நீட்டும் ஹோம்மேட் சாக்லேட், அதிலும் டார்க் சாக்லேட். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு சின்னக் கட்டியே படபடப்பைக் கொண்டுவரும். திராட்சை போட்டதென்றால் சிறுநீரகத்துக்கும் கேடு. அடுத்தது எலி மருந்து. குளிருக்கு எலி வீட்டுக்குள் வரும், மருந்து வைப்போம், நாய் தின்னும். ரத்தம் உறையவிடாத வகை என்றால் மூன்று நாலு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று சாயும். தின்றது தெரிந்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் வாருங்கள், மருந்துப் பெட்டியைக் கொண்டு வாருங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. நம் பக்கத்துப் பாலிஹவுஸ்களில் விளையும் லில்லியம் பூ. பூச்சாடியில் வைத்த அதன் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே பூனைக்கு இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை இருக்கும் வீட்டுக்கு அந்தப் பூ வேண்டாம், ரோஜா வாங்குங்கள்.

உண்ணிக்கு மழைக்குப் பிறகுதான் கொண்டாட்டம். தேயிலைக்குள் போய் வரும் நாயைக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சல் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் ஆபத்து. ஒற்றை மூக்கில் ரத்தம் வந்து தும்மிக்கொண்டே இருந்தால் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது அட்டை ஏறியிருக்கும். மூக்குக்குள் உப்பைத் திணிக்காதீர்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு கிண்ணத்தை நீட்டினால் அட்டையே மூக்கிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கும், பிடித்து இழுக்க அதுதான் நேரம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாடு மேய்ப்பவர், கல்லூரி அல்ல.

தடுப்பூசி பற்றி நீட்டவில்லை. 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை வைத்துக்கொண்டிருக்கும் மலைக்கு வெறிநோய் ஊசி ஏன் என்று விளக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், தேங்கிய மழைத்தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நாயிடமிருந்து அது வீட்டு மனிதர்களுக்கும் வரும்.

கடைசியாகக் குட்டிகள். தெருநாய்கள் குட்டி போடுவதும் இந்த மழையில்தான். போன கார்த்திகையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேரட் சாக்கில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டு வந்தான். கண் திறந்திருக்கவில்லை, ஐஸ் மாதிரி இருந்தது. பையில் பால் பாட்டிலும் இருந்தது. "ரெண்டு தடவ குடுத்தேன் மேடம், குடிக்கவே மாட்டேங்குது." குடிக்காததுதான் அதைக் காப்பாற்றியது. சில்லிட்ட குட்டிக்கு வயிறு வேலை செய்யாது, புகட்டிய பால் உள்ளேயே நிற்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, மெதுவாக, ஒரு மணி நேரமாவது. உடம்பு வெதுவெதுப்பானதும் வாயில் விரலை வைத்தால் தானாகச் சப்பும், அப்புறம்தான் பால், அதுவும் ஆட்டுப்பால் கிடைத்தால் தேவலை. பையனை என் மேஜைக்கு அடியில் உட்காரவைத்து, குட்டியை அவன் சட்டைக்குள் போட்டு, மேலே என் சால்வையைப் போர்த்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

"மேடம், என் பட்டனைச் சப்புது."