கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? பிரைட்னஸைத் தொடாதீர்கள்

கடைகளிலும் கிளினிக்குகளிலும் டிவிக்குப் பின்னால் ராஸ்ப்பெர்ரி பை மாதிரி குட்டிக் கம்ப்யூட்டரை மாட்டி வீடியோ ஓட்டிக் கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் புகார் இரண்டு: "படம் வெளுத்துக் கிடக்கு", இல்லையென்றால் "இருட்டான இடத்துல ஒண்ணுமே தெரியல". நான் போவதற்குள் யாராவது ரிமோட்டை எடுத்து எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி வைத்திருப்பார்கள், சிலர் புது டிவிக்கே விலை விசாரித்திருப்பார்கள். பெரும்பாலும் டிவியில் கோளாறே இருக்காது.

8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. கம்ப்யூட்டருக்கு 0 கறுப்பு, 255 வெள்ளை. இது ஃபுல் ரேஞ்ச். ஒளிபரப்பு வழியில் வந்த வீடியோவுக்கோ 16தான் கறுப்பு, 235தான் வெள்ளை. சிக்னல் கொஞ்சம் எகிறினாலும் வெட்டுப்படாமலிருக்க இரு பக்கமும் இடம் விட்டிருக்கிறார்கள். இது லிமிடெட். லிமிடெட்டில் வருவதை டிவி ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக நிற்கும், வெள்ளையும் மங்கும். மாறி நடந்தால் 16க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு, 235க்கு மேலே ஒரே வெள்ளை. ஜவுளிக்கடை டிவியில் கரும்பச்சைப் பட்டின் மடிப்பு காணாமல் போவது இப்படித்தான். பிரைட்னஸை ஏற்றினால் மடிப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், ஆனால் கூடவே படம் முழுக்கச் சோகை பிடித்துவிடும்.

டிவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐயில் 720பி, 1080பி போன்ற டிவி அளவுகளுக்கு லிமிடெட், கம்ப்யூட்டர் மானிட்டர் அளவுகளுக்கு ஃபுல் என்பது வழக்கம். ராஸ்ப்பெர்ரி பையும் இயல்பாக இதன்படிதான் அனுப்பும். ஆனால் சில மானிட்டர்கள் 1080பி வந்தாலும் ஃபுல் என்றே எடுத்துக்கொள்ளும், வம்பு அங்கே ஆரம்பிக்கிறது. அதனால் டிவி என்றால் இரு பக்கமும் லிமிடெட், மானிட்டர் என்றால் இரு பக்கமும் ஃபுல் என்று நானே குறிப்பிட்டு வைத்துவிடுவேன், ஆட்டோவை நம்புவதில்லை. சாம்சங், எல்ஜி டிவிகளில் 'பிளாக் லெவல்' என்று தேடுங்கள், 'லோ' என்றால் லிமிடெட். ராஸ்ப்பெர்ரி பையில் பழைய டிரைவர் (படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருள்) என்றால், அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில் பிக்சல் என்கோடிங் வரி, 1 லிமிடெட், 2 ஃபுல். புது கேஎம்எஸ் டிரைவர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, அதற்கு 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற அமைப்பை மாற்ற வேண்டும்.

அப்புறம் வீடியோ ஓட்டும் 'கோடி' (Kodi) என்ற பிளேயர். அதற்குள்ளேயும் லிமிடெட் ரேஞ்ச் தேர்வு ஒன்று உண்டு. கோடி ஒருமுறை 0-255ஐ 16-235க்குள் சுருக்கி, டிரைவர் மறுபடி சுருக்கினால் 16ல் நிற்க வேண்டிய கறுப்பு கிட்டத்தட்ட 30க்குப் போய்விடும். ஒரே ஓர் இடத்தில்தான் மாற்றம் நடக்க வேண்டும்.

சரிபார்க்க கறுப்புப் பட்டைகள் உள்ள டெஸ்ட் வீடியோ போதும். 16 வரை பின்னணியோடு கலந்துவிட வேண்டும், 17, 18 லேசாகத் தெரிய வேண்டும். காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சேமிப்பு இரண்டையும் முதலில் அணைத்துவிடுங்கள். அன்றாடம் ஓடும் அதே பிளேயரில் வீடியோவாகவே ஓட்டிப் பாருங்கள், டெஸ்க்டாப்பில் படமாகத் திறந்தால் அது வேறு வழியில் வரும். பல டிவிகளில் பிளாக் லெவல் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி, ஆகவே சுத்தம் செய்கிறவர் கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகிவிட்டால் மறுபடி எனக்கு போன் வரும்.