பளபளப்புக்குக் கொடுக்கும் மைக்ரான்கள்

வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து பாலிஷ் பண்ணினால் கார் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பொய்யில்லை, ஆகிவிடும். எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தொழிற்சாலையில் தகட்டின் மேல் வழக்கமாக நான்கு பூச்சுகள் ஏறுகின்றன: துருவைத் தடுக்க மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் வேலை முழுக்க இதற்குள்தான் நடக்கிறது.

பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைக் கீழே இறக்குகிறது. (மலிவான சில பாலிஷ்கள் எண்ணெயும் மெழுகும் வைத்து நிரப்பும், நாலு வாட்டர் வாஷில் கீறல் திரும்ப வந்துவிடும்.) 2000 நம்பர் வாட்டர் பேப்பரின் துகளே சுமார் 10 மைக்ரான் இருக்கும். அது போடும் கோடுகளைப் போக்க காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை, காம்பவுண்ட் விட்ட மங்கலைப் போக்க இன்னொரு பாலிஷ் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகிறது.

போவது வெறும் தடிமன் என்றால்கூடப் பரவாயில்லை. கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, முழுத் தடிமனும் இருக்கும்போது கதிரில் 100-க்கு 99 பங்கு தடுக்கப்படுகிறது, 1 பங்கு கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியைத் தேய்த்துவிட்டால் இறங்குவது 2 பங்கு அல்ல, 10 பங்கு. உறிஞ்சுதல் அடுக்குக்குறி விதிப்படி நடப்பதால் வரும் வினை இது: ஒவ்வொரு பாதியும் தன்மேல் விழுவதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கீழே விடுகிறது, இரண்டும் சேர்ந்தால்தான் நூறில் ஒன்று. கதிர் கீழே போகப்போக நிறம் வெளுக்கும். பூச்சுகளுக்கிடையே பிடிப்பும் விடும். பானெட்டிலும் கூரையிலும் வெள்ளைச் செதிலாக உரிவது அப்படித்தான். ஆனால் அது உடனே தெரியாது, சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் பாலிஷ் போட்டவர்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை!

உடனே தெரியும் ஆபத்தும் உண்டு. கதவின் மடிப்பு, பானெட்டின் விளிம்பு போன்ற இடங்களில் ஈரப் பெயிண்ட் இழுபட்டு மெல்லியதாகப் படிந்திருக்கும். மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பிளாஸ்டிக் பம்பர் வெப்பத்தைக் கடத்தாது என்பதால் ஒரே இடத்தில் மெஷினை நிறுத்தினால் சட்டென்று சூடேறிப் பூச்சு இளகும். பேஸ் கோட் வெளியே தெரிந்துவிட்டால் அதற்குமேல் பாலிஷ் எடுபடாது, ரீபெயிண்ட்தான். அதுவும் தொழிற்சாலைப் பூச்சு மாதிரி வராது. தொழிற்சாலையில் வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய காரைப் பட்டறையில் அந்தச் சூட்டில் வைக்க முடியாது.

சரி, தடிமன் அளக்கும் கருவி இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் பட்டறைகளில் புழங்கும் சாதாரணக் கருவி மொத்தத் தடிமனைத்தான் காட்டும். 120 என்று வந்தால் அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சொல்லாது. அடுக்கு அடுக்காக அளக்க அல்ட்ராசோனிக் கருவி வேண்டும், அதன் விலையும் அதிகம். அதனால் நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது தட்டுகிற அளவுக்குக் கீறல் ஆழமாக இருந்தால், அதை முழுதாக அழிக்கச் சொல்லாமல் டச்-அப் (கீறலில் மட்டும் தொட்டு வைக்கும் பெயிண்ட்) வைத்து விட்டுவிடுவேன்.