1500 மீட்டரில் மூளைக்கு என்ன வேலை?

1500 மீட்டர் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் முதல் இரண்டு சுற்றுகள் சலிப்பாக இருக்கும். எல்லாரும் கும்பலாக ஓடுவார்கள். யாரும் பெரிதாக முந்த மாட்டார்கள். ஆனால் பந்தயத்தின் பெரும்பகுதி அப்போதுதான், அதுவும் தலைக்குள், நடந்துகொண்டிருக்கும்.

மொத்தம் மூன்றே முக்கால் சுற்று. மூச்சு எப்படி இருக்கிறது, கால் எவ்வளவு தாங்கும், இன்னும் எத்தனை மீட்டர் பாக்கி, பக்கத்தில் ஓடுபவர் எப்போது பாய்வார் என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட வேண்டும். ஆரம்பத்தில் வேகம் கூடிப்போனால், ஆக்சிஜன் வழியாகக் கிடைக்கும் ஆற்றல் போதாமல் தசை மாற்றுவழிக்குப் போகிறது. அதன் விளைவாகத் தசைக்குள் அமிலத்தன்மை ஏறி, மூன்றாவது சுற்றில் கால் கனத்துவிடும். சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்தவர் கதைதான். ரொம்பவும் சேமித்து ஓடினாலோ, கடைசிச் சுற்றின் மணி அடித்ததும் மற்றவர்கள் பறந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குக் கடினமா? பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நல்ல பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களிடமே ஒரு குறிப்பிட்ட வேகத்தைச் சொல்லி, அதே வேகத்தில் ஓடச் சொன்னபோது, குறைபாடு உள்ளவர்கள் அதிலிருந்து கூடுதலாக விலகினார்கள். கால் பலம் இருந்தும் சிக்கல் எங்கே வருகிறது என்பதை இது காட்டுகிறது. பாராலிம்பிக்கில் இவர்களுக்கென்று டி20 என்ற தனிப் பிரிவு இருப்பதன் நியாயமும் இதுதான். (கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) நம் தீப்தி ஜீவன்ஜி 2024 பாரிஸில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றது இதே பிரிவில்தான்.

இந்தப் பிரிவில் அமெரிக்காவின் மைக்கி பிரானிகன் செய்ததை இப்போது பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டைச் சேர்ந்தவர். சின்ன வயதிலேயே ஆட்டிசம் கண்டறியப்பட்டது. பள்ளிக் காலத்தில் நாட்டின் முன்னணி மாணவ ஓட்டக்காரர்களில் ஒருவர். பல்கலைக்கழகங்கள் ஆர்வம் காட்டின, ஆனால் கல்லூரி விளையாட்டுக்கான படிப்புத் தகுதி விதிகள் குறுக்கே நின்றன. அதனால் கிளப் வழியாகப் போனார். 2016 ஆகஸ்டில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 57.58 நொடியில் ஓடினார். 400 மீட்டருக்குச் சுமார் 59 நொடி என்ற கணக்கு. டி20 பிரிவு வீரர் ஒருவர் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடியது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் ரியோ பாராலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் டி20-க்குள் யாரையும் விடுவதில்லை. ஐ.க்யூ. 75 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதில் தடை இருக்க வேண்டும். இவை வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அப்புறம் விளையாட்டு சார்ந்த சோதனைகள். அவற்றில் ஒன்றில் திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். அதே வரிசையில் தொட்டுக்காட்ட வேண்டும். எதிர்வினை நேரம், திட்டமிடும் திறன் ஆகியவற்றையும் அளப்பார்கள்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் 2000 சிட்னி பாராலிம்பிக். அறிவுத்திறன் குறைபாட்டுப் பிரிவில் கூடைப்பந்துத் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை. அணியில் ஆடிய ஒரு பத்திரிகையாளரே விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஏமாற்றியது சிலர், தண்டனை அனுபவித்தது எல்லாரும். ஏதென்ஸ், பெய்ஜிங்கில் இந்தப் பிரிவுக்குப் பதக்கப் போட்டியே கிடையாது. 2012 லண்டனில்தான், அதுவும் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மூன்றுக்கு மட்டும், கதவு திறந்தது. பிரானிகன் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

சரி, ஆட்டிசம் உண்டு, ஐ.க்யூ. 75-க்கு மேல் என்றால்? அவர்களுக்காக விர்டஸ் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ள வீரர்களுக்கான சர்வதேச அமைப்பு தன் போட்டிகளில் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பாராலிம்பிக்கில் அந்தப் பிரிவு இன்னும் சேர்க்கப்படவில்லை. ஐ.க்யூ. எண் ஒருவருக்குச் சத்தமும் கூட்டமும் எவ்வளவு தொல்லை தரும் என்பதை அளப்பதில்லை. அந்த எல்லைக் கோடு எனக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே படுகிறது. ஆனால் சிட்னியைப் பார்த்த அமைப்பாளர்கள் அளக்கக்கூடியதைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.